சீபிஸ்கட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீபிஸ்கட் எந்தக் குதிரை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 1933 மே 23 அன்று கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் ஊருக்கருகே கிளேபோர்ன் பண்ணையில் பிறந்த ஆண்குதிரை. முதல் பதினேழு பந்தயங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. மூன்று வயதில் 8,000 டாலருக்குக் கைமாறியது. 1938இல் அந்த நாட்டின் ஆண்டுச் சிறந்த குதிரை என்ற பட்டம் பெற்றது. 1940இல் ஓய்வு பெறும்போது அதன் மொத்தப் பரிசுப்பணம் 437,730 டாலர். அதுவரை உலகில் எந்தப் பந்தயக் குதிரையும் அவ்வளவு சம்பாதித்ததில்லை. முந்தைய சாதனை சன் போ என்ற குதிரையின் 376,744 டாலர்.

அது பிறந்த வருடம்தான் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடிமட்டம். வேலைக்குப் போகக்கூடிய அமெரிக்கர்களில் நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். கொஞ்சம் நிமிர்ந்த பொருளாதாரம் 1937 கடைசியில் மறுபடி சரிந்தது. சீபிஸ்கட்டின் உச்சகாலம் சரியாக அந்த இரண்டாவது சரிவின்போது வந்தது.

அது வம்சம் தெரியாத, மட்டமான குதிரை என்கிறார்களே?

இல்லை. இது அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் தகவல். தகப்பன் ஹார்ட் டேக், தாய் ஸ்விங் ஆன். ஹார்ட் டேக்கின் தகப்பன் மேன் ஓ வார், அமெரிக்கப் பந்தய வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. சீபிஸ்கட் அதன் பேரன். 1938இல் அது எதிர்த்து ஓடிய வார் அட்மிரலோ மேன் ஓ வாரின் நேர் மகன். உறவுமுறைப்படி வார் அட்மிரல் சீபிஸ்கட்டுக்குச் சித்தப்பா, ஆனால் வயதில் ஒரு வருடம் இளையது.

ரத்தத்தில் குறையில்லை, உருவத்தில்தான் குறை. உயரம் ஏறத்தாழ பதினைந்தே கால் முதல் பதினைந்தரை ஹேண்ட் (குதிரையின் உயரத்தை அளக்கும் நான்கு அங்குல அளவு), அதாவது தோள்பட்டை மேட்டில் சுமார் 157 சென்டிமீட்டர். முன்னங்கால் முட்டிகள் நேராக நீட்டி நிற்காது. வேகமாகப் பாயும்போது இடது முன்னங்கால் வெளிப்பக்கமாகச் சுழன்று வரும். வார் அட்மிரலும் உயரத்தில் சிறியதுதான். திரையில் பார்த்துவிட்டு அதை மலைபோன்ற குதிரை என்று நினைப்பவர்கள் ஏராளம்.

பிறகு ஏன் இரண்டு வருடம் தோற்றுக்கொண்டே இருந்தது?

அளவுக்கு மீறி ஓடவிட்டதுதான் முதல் காரணம். இரண்டு வயதில் மட்டும் 35 பந்தயங்கள். அந்த வயதுக் குதிரைக்கு எலும்பே முழுதாக இறுகியிருக்காது. 35இல் ஜெயித்தது 5. மூன்று வயதில் நான்கே மாதத்துக்குள் இன்னும் 12 ஓட்டங்கள். பின்னாளில் அதை வாங்கிய சார்லஸ் ஹோவர்ட் கைக்கு வருமுன் அது ஓடியவை ஆக மொத்தம் 47. வெற்றிகள் பத்தைத் தொடவில்லை.

அப்போது அதன் டிரெய்னர் 'சன்னி ஜிம்' ஃபிட்ஸிம்மன்ஸ். கத்துக்குட்டி அல்ல. 1930இல் கேலண்ட் ஃபாக்ஸையும் 1935இல் ஒமாஹாவையும் டிரிபிள் கிரவுன் ஜெயிக்க வைத்தவர். கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே வருடத்தில் ஜெயிப்பதுதான் டிரிபிள் கிரவுன். அப்படிப்பட்ட லாயத்தில் நல்ல குதிரைகளுக்குத்தான் கவனம் போகும். சீபிஸ்கட் பயிற்சியில் மெத்தனமாக ஓடும், நன்றாகத் தின்னும், தூங்கும். சோம்பேறிக் குதிரை, அடிக்கடி ஓடவிட்டால்தான் வழிக்கு வரும் என்று முடிவுகட்டினார்கள். ஓட ஓட அது எரிச்சலாகி, லாயத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்து உடம்பைக் கரைத்துக்கொண்டது.

யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று பந்தயத்தில் விட்டார்களாமே, அது எப்படி?

அதற்குக் கிளெய்மிங் பந்தயம் என்று பெயர். அந்தப் பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை உண்டு. உரிமம் உள்ள எந்த உரிமையாளரும் பந்தயம் தொடங்குமுன் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால் அந்த விலைக்குக் குதிரை அவருடையது. அக்காலத்தில், ஓட்டத்தில் கால் உடைந்தாலும் அவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நல்ல குதிரையை மலிவான பந்தயத்தில் இறக்கிச் சுலபமாகப் பரிசைத் தட்டிச்செல்வதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. இறக்கினால் குதிரையே போய்விடும்.

சீபிஸ்கட்டை 2,500 டாலர் விலையில் இறக்கிப் பார்த்தார்கள். ஒரு சீட்டும் விழவில்லை.

வாங்கியவர் யார்?

சார்லஸ் ஹோவர்ட். சான் பிரான்சிஸ்கோவில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் தொடங்கி, ப்யூக் கார் விற்பனையில் பெரும் பணக்காரரானவர். 1926இல் அவருடைய மகன் பண்ணையில் நடந்த டிரக் விபத்தில் இறந்தான். அந்தச் சிறுவனின் பெயரில் வில்லிட்ஸ் ஊரில் அவர் கட்டிய மருத்துவமனை உண்டு. 1936 ஆகஸ்டில் சாரடோகாவில் 8,000 டாலருக்குச் சீபிஸ்கட்டை வாங்கினார். வாங்கச் சொன்னவர் அவருடைய டிரெய்னர் டாம் ஸ்மித். அதே ஆண்டு ஜூன் மாதம் பாஸ்டனின் சஃபோக் டவுன்ஸ் மைதானத்தில் குதிரையைப் பார்த்து வைத்திருந்தார்.

டாம் ஸ்மித் அப்படி என்னதான் செய்தார்?

இந்தக் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக முக்கியமானதும் இதுதான். மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனியாக மருந்து தேடினார்.

முதலில் தனிமை. குதிரை மந்தையாக வாழும் பிராணி. தனி அறையில் அடைத்து, ஊர் ஊராக ரயிலில் ஏற்றினால் பல குதிரைகள் பதறும். ஸ்மித் முதலில் ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டார். சீபிஸ்கட் அதைப் பல்லால் கவ்வித் தூக்கி வெளியே போட்டது. அடுத்து பம்ப்கின் என்ற வயதான, நிதானமான மட்டக்குதிரையை விட்டார். அது ஒத்துக்கொண்டது. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த தடுப்பை எடுத்துவிட்டார்கள். பிறகு பொக்கடெல் என்ற தெருநாயும், ஜோஜோ என்ற குரங்கும் சேர்ந்துகொண்டன. அறைக்குள் சுற்றுவது நின்றது.

இரண்டாவது தூக்கம். பந்தய லாயங்களில் விடிவதற்கு முன்பே குதிரைகளை எழுப்பிவிடுவார்கள். இதை எழுப்பக் கூடாது என்று உத்தரவு.

மூன்றாவது பிடிவாதம். ஓட்டத்தில் கடிவாளத்தை இழுத்தால் எதிர்த்துப் போராடும் பழக்கம் இருந்தது. ஸ்மித் அதன் போக்கில் விடச் சொன்னார். எவ்வளவு ஓடினாலும் நிறுத்தாதே, களைத்துத் தானே நிற்கட்டும். யாரும் எதிர்க்கவில்லை என்று புரிந்ததும் எதிர்ப்பும் போனது. சாட்டை அநேகமாகத் தேவைப்படவில்லை. கால்களுக்குத் தினமும் தைலம் தேய்த்துக் கட்டு, நல்ல உலர்புல், நல்ல ஓட்ஸ். வற்றியிருந்த உடம்பில் சதை வைத்த பிறகுதான் பெரிய பந்தயங்கள்.

பத்திரிகைக்காரர்களிடம் ஸ்மித் வாய் திறக்கமாட்டார். பயிற்சி ஓட்டத்தை அவர்கள் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டு எழுதுவதைத் தவிர்க்க இருட்டில் ஓட்டுவார். அச்சு அசலாகச் சீபிஸ்கட் போலிருந்த க்ரோக் என்ற குதிரையைப் பகலில் காட்டி ஏமாற்றியதும் உண்டு. பந்தயத்தில் ஏற்றும் எடையை நிர்ணயிப்பவர்கள் அந்த எழுத்துகளையும் படிப்பார்கள் என்பதால் இந்த ஒளிவுமறைவு வெறும் கிறுக்கு அல்ல.

குதிரையை ஓட்டிய ஜாக்கிக்கு ஒரு கண் தெரியாதா?

உண்மை. 'ரெட்' போலார்ட், கனடாவின் எட்மண்டனைச் சேர்ந்தவர். ஒரு காலைப் பயிற்சியின்போது முன்னால் ஓடிய குதிரையின் குளம்பில் தெறித்த கல்லோ மண்கட்டியோ தலையில் பட்டு வலது கண் பார்வை போனது. வெளியே தெரிந்தால் பந்தயம் ஓட்டவே விடமாட்டார்கள். அதனால் மறைத்தார்.

1937 பிப்ரவரி 27, சாண்டா அனிட்டா ஹேண்டிகேப். ஒரு லட்சம் டாலர் பரிசு, அக்காலத்துக்கு நம்பமுடியாத தொகை. நேர்ப்பாதையில் சீபிஸ்கட் முன்னால் இருந்தது. வலப்புறம், வெளிப்பக்கத்திலிருந்து ரோஸ்மான்ட் நெருங்கியது. போலார்ட் தாமதமாகத்தான் உசுப்பினார். ஒரு மூக்களவில் தோல்வி. மெத்தனமாக ஓட்டிவிட்டார் என்று விமர்சனம். தன் கண்ணைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

ஹேண்டிகேப் பந்தயம் என்றால் என்ன? எடை எப்படி ஏற்றுகிறார்கள்?

கிண்டியில் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த முறைதான். எல்லாக் குதிரைகளுக்கும் சம வாய்ப்பு வரும்படி வலிய குதிரைக்குக் கூடுதல் எடை, மெலிய குதிரைக்குக் குறைந்த எடை. எடையை மைதானத்தின் அதிகாரி முன்கூட்டியே அறிவிப்பார். பிடிக்காவிட்டால் உரிமையாளர் குதிரையை விலக்கிக்கொள்ளலாம்.

அறிவித்த எடையில் ஜாக்கியின் உடம்பு, சேணம் எல்லாம் அடக்கம். குறைகிற அளவுக்கு ஈயத் தகடுகளைச் சேணத்தடியில் உள்ள துணியின் பைகளில் செருகுவார்கள். ஓடுமுன் தராசில் நிற்க வேண்டும், ஓடிமுடித்து மறுபடியும் நிற்க வேண்டும். எடை குறைந்திருந்தால் வெற்றி போச்சு. ஈயத்தைப் பல டிரெய்னர்கள் விரும்புவதில்லை. ஜாக்கியின் உடம்பு குதிரையின் அசைவோடு சேர்ந்து அசையும், ஈயம் அசையாது, முதுகில் செத்த பாரமாகக் கிடக்கும்.

தூரம் கூடக் கூட எடையின் பாதிப்பும் கூடும். 1938 மார்ச் 5, மறுபடியும் சாண்டா அனிட்டா ஹேண்டிகேப், தூரம் ஒன்றேகால் மைல், அதாவது சுமார் 2,012 மீட்டர். சீபிஸ்கட்டுக்கு 130 பவுண்டு, ஏறத்தாழ 59 கிலோ. ஸ்டேஜ்ஹேண்ட் என்ற மூன்று வயதுக் குதிரைக்கு 100 பவுண்டு, 45 கிலோ சொச்சம். வித்தியாசம் 13.6 கிலோ. போதாக்குறைக்குத் தொடக்கத்தில் வேறொரு குதிரை இடித்து சீபிஸ்கட் பின்தங்கியது. அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, மறுபடியும் ஒரு மூக்களவில் தோற்றது. எங்கள் கணிப்பில் அது ஓடிய ஓட்டங்களிலேயே தலைசிறந்தவற்றுள் அந்தத் தோல்வியும் ஒன்று. பதிவேட்டில் இரண்டாம் இடம் என்று மட்டும் இருக்கும்.

சாப்பாட்டுக்கே வழியில்லாத காலத்தில் குதிரைப் பந்தயத்துக்கு எப்படிக் கூட்டம் வந்தது?

மாநில அரசுகளுக்கு வரி வருமானம் வற்றிப்போயிருந்தது. அதனால் தடைசெய்து வைத்திருந்த பந்தயச் சூதாட்டத்தைப் பல மாநிலங்கள் அனுமதித்தன. கலிஃபோர்னியா 1933இல் அனுமதித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஆர்கேடியாவில் சாண்டா அனிட்டா மைதானம் 1934 கிறிஸ்துமஸ் அன்று திறந்தது. டோட்டலைசேட்டர் முறையில் கட்டப்படும் பணம் எல்லாம் ஒரே பானையில் விழும். அதில் அரசுக்கும் மைதானத்துக்கும் ஒரு பங்கு போக, மிச்சம் ஜெயித்த சீட்டுக்காரர்களுக்கு. அன்று குறைந்தபட்சச் சீட்டு இரண்டு டாலர்.

ஆனால் மைதானத்துக்கு வந்தவர்களைவிட வராதவர்கள்தான் அதிகம். அவர்களை இழுத்தது ரேடியோ. கையில் காசு இல்லாவிட்டாலும் சனிக்கிழமை மாலையில் அண்டை வீட்டு ரேடியோ முன்னால் உட்காரலாம். ஹோவர்ட் கார் விற்றவர் என்பதால் விளம்பரக் கலை தெரிந்தவர். குதிரையைத் தனி ரயில் பெட்டியில் கிழக்கு மேற்காக நாடு முழுவதும் கொண்டுபோனார். ரயில் நின்ற ஊர்களில் பார்க்க ஜனம் திரண்டது.

மனிதர்கள் ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வார் அட்மிரல் பிறவியிலேயே ராஜா, நாலு கால் ஊன்றியது முதல் நல்ல கவனிப்பு. சீபிஸ்கட்டைத் தள்ளிவிட்டிருந்தார்கள். வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவருக்கு, தன் திறமையில் குறையில்லை, தன்னை நடத்திய விதத்தில்தான் குறை என்று நம்ப இடம் கொடுத்த குதிரை அது. அந்தக் குதிரையின் விஷயத்தில் அது உண்மையும்கூட.

வார் அட்மிரலுடன் மோத ஏன் அவ்வளவு தாமதம்?

வார் அட்மிரல் 1937இல் டிரிபிள் கிரவுன் ஜெயித்து அந்த ஆண்டின் சிறந்த குதிரையானது. அதே ஆண்டில் 15இல் 11 ஜெயித்து நாட்டிலேயே அதிகம் சம்பாதித்தது சீபிஸ்கட். இரண்டில் எது பெரிது என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. 1938 மே 30க்கு நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் ஒரு லட்சம் டாலர் பரிசுக்கு நாள் குறித்தார்கள். சீபிஸ்கட்டின் முட்டிகளில் வலி, ரத்து. அடுத்த மாதம் மாசசூசெட்ஸ் ஹேண்டிகேப்பில் இரண்டும் ஓடுவதாக இருந்தது. கடைசி நேரத்தில் சீபிஸ்கட் விலக்கப்பட்டது. ஸ்மித்துக்குப் பயந்தாங்கொள்ளி என்ற பெயர்கூடக் கிடைத்தது. குதிரையின் கால் சரியில்லை என்றால் யார் திட்டினாலும் ஓடவிடமாட்டார், அவ்வளவுதான்.

இடையில் போலார்டுக்கும் அடிமேல் அடி. 1938 பிப்ரவரியில் குதிரையோடு விழுந்து மார்பு நசுங்கியது. தேறி வந்த ஜூனில் வேறொரு குதிரை மிரண்டு ஓடிக் கால் நொறுங்கியது. சேணத்தில் அவருடைய நண்பர் ஜார்ஜ் உல்ஃப் ஏறினார். பதறாத சுபாவத்துக்காக 'ஐஸ்மேன்' என்று பெயர் பெற்றவர்.

போட்டியின் நிபந்தனைகள் என்ன?

நாள் 1938 நவம்பர் 1. இடம் மேரிலாந்து மாநிலம் பால்டிமோரின் பிம்லிக்கோ மைதானம். ஏற்பாடு செய்தவர் ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட். பரிசு 15,000 டாலர்தான், முந்தைய ஒரு லட்சத்தோடு ஒப்பிட்டால் சில்லறை. பின்வாங்காமல் இருக்க உரிமையாளர்கள் இருவரும் தலைக்கு 5,000 டாலர் கட்டினார்கள். இரண்டுக்கும் சம எடை, 120 பவுண்டு. தூரம் ஒரு மைலும் பதினாறில் மூன்றும், சுமார் 1,911 மீட்டர்.

வார் அட்மிரலின் உரிமையாளர் சாமுவேல் ரிடில் தொடக்கக் கதவுப் பெட்டிகள் கூடாது என்றார். 1937 பெல்மான்ட்டில் பெட்டியிலிருந்து பாயும்போது அந்தக் குதிரை தன் குளம்பையே கிழித்துக்கொண்டு, ரத்தம் சொட்ட ஓடி ஜெயித்தது. ஆகவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்து மணி அடித்ததும் பாய வேண்டும்.

இதில் சீபிஸ்கட்டுக்கு என்ன சிக்கல்?

இருவர் மட்டும் ஓடும் போட்டியில் முதலில் முந்துபவர் வேகத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். வார் அட்மிரல் தொடக்கத்திலேயே சீறும் குதிரை. சீபிஸ்கட் பின்னால் பதுங்கிவந்து கடைசியில் பாயும் ரகம். உள்தடுப்பை ஒட்டிய இடமும் சீட்டில் வார் அட்மிரலுக்கே விழுந்தது. அதனால்தான் வார் அட்மிரலின் விலை ஒன்றுக்கு நாலு: நாலு டாலர் கட்டினால் லாபம் ஒரு டாலர்.

ஸ்மித் குதிரையின் பழக்கத்தையே மாற்றினார். தொடக்க மணி போன்ற ஒன்றைத் தயார்செய்து, அது ஒலிக்கும் அதே நொடியில் சாட்டையால் ஒரு தட்டு. மணி, தட்டு, பாய்ச்சல். திரும்பத் திரும்பச் செய்ததில் மணிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் குதிரை பறந்தது.

உல்ஃப் தன் பங்குக்கு முந்தின இரவு கைவிளக்கோடு மைதானத்தைக் காலால் நடந்து அளந்தார். தடுப்பை ஒட்டிய மண் ஈரமாகக் குழைந்திருந்தது. அதிலிருந்து சில அடி தள்ளி, டிராக்டர் சக்கரம் அழுத்திய தடம் ஒன்று கெட்டியாக இருந்தது. அந்தத் தடத்தை மனதில் குறித்துக்கொண்டார்.

பந்தயம் எப்படி நடந்தது?

இரண்டு முறை தொடக்கம் சரியில்லாமல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மூன்றாம் முறை மணி அடித்ததும், யாரும் எதிர்பார்க்காத விதமாக, சீபிஸ்கட் முந்தியது. முதல் வளைவுக்குள் ஒரு குதிரை நீளத்துக்கு மேல் இடைவெளி. குறுக்கே போக வேண்டுமானால் பின்னால் வருவதை இடிக்காத அளவுக்கு இடைவெளி வேண்டும். அது கிடைத்ததும் உல்ஃப் உள்பக்கம் நகர்ந்து தன் கெட்டித் தடத்தைப் பிடித்தார்.

எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் வார் அட்மிரல் எட்டிப் பிடித்தது. இங்கேதான் போலார்டின் யோசனை. கால்கட்டோடு படுக்கையில் கிடந்தபடி உல்ஃபிடம் சொல்லியிருந்தார்: மற்றக் குதிரை பக்கத்தில் வரட்டும், இவன் கண்ணோடு கண் பார்க்கட்டும், அப்புறம் விட்டுக்கொடுக்க மாட்டான். உல்ஃப் வேண்டுமென்றே பிடியை இறுக்கி நெருங்கவிட்டார். இரண்டும் தலைக்குத் தலை சமமாக ஓடின. கடைசி வளைவு தாண்டியதும் சீபிஸ்கட் விலகிப் போனது. வெற்றி நான்கு நீளம், கிட்டத்தட்ட பத்து மீட்டர். நேரம் 1 நிமிடம் 56 மற்றும் ஐந்தில் மூன்று நொடி, அதாவது 116.6 நொடி. பிம்லிக்கோவில் அந்தத் தூரத்துக்குப் புதிய சாதனை. சராசரி வேகம் மணிக்கு 59 கிலோமீட்டர்.

மைதானத்தில் 40,000 பேர். ரேடியோவில் கேட்டவர்கள் நாலு கோடி என்பது அப்போதைய மதிப்பீடு. வேலை நாளான செவ்வாய்க்கிழமை அது. வர்ணனையாளர் கிளெம் மெக்கார்த்தியின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. தேடிக் கேளுங்கள், கடைசி அரை நிமிடத்துக்கு அவர் குரலே போதும்.

1939இல் என்ன காயம்?

பிப்ரவரி 14, சாண்டா அனிட்டாவில் ஓடும்போது இடது முன்னங்காலில் சஸ்பென்சரி தசைநார் கிழிந்தது. முட்டிக்குக் கீழுள்ள நீண்ட எலும்பின் பின்பக்கம் தொடங்கி, குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டைத் தாங்கிப் பிடிக்கும் நார் அது. பாய்ச்சலில் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் கணுமூட்டு தரையை நோக்கி இறங்கும். அதைத் தாங்குவது இந்த நார். கிழிந்தால் தழும்புத் திசுவாகத்தான் ஆறும். பழைய இழுவைத்தன்மை திரும்பாது. அவசரப்பட்டு ஓடவிட்டால் அதே இடத்தில் மறுபடி கிழியும். ஆறு வயதுக் குதிரைக்கு இது பொதுவாக ஓய்வுச் சீட்டு.

ஹோவர்டின் ரிட்ஜ்வுட் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கால் இன்னும் கூடாத போலார்டும் இருந்தார். முதலில் கையில் பிடித்து மெதுவாக நடத்துவது. பிறகு முதுகில் ஏறி நடை. பிறகு மலைப்பாதைகளில் கொஞ்சம் தூரம் கூட்டி நடை. மாதக்கணக்கான நடைக்குப் பின்தான் மெல்லோட்டம், கடைசியாகப் பாய்ச்சல். ஒவ்வொரு கட்டத்திலும் காலில் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். இன்று அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தாலும் படிகள் ஏறக்குறைய இதேதான். சிகிச்சையில் மிகக் கடினமான பகுதி பொறுமை.

1940 வெற்றியை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

எங்களைக் கேட்டால் அது வார் அட்மிரலை வென்றதைவிடப் பெரிது. ஏழு வயது, ஒட்டிய தசைநார், முதுகில் 130 பவுண்டு, அதன் மேல் எலும்பு சரியாகக் கூடாத காலில் ஆதரவுக் கட்டோடு போலார்ட். பிப்ரவரியில் திரும்பி வந்த முதல் ஓட்டத்தில் மூன்றாம் இடம், அடுத்ததில் ஆறாம் இடம். மூன்றாவது ஓட்டமான சான் அன்டோனியோ ஹேண்டிகேப்பில் ஜெயித்தது. ஒரு வாரம் கழித்து மார்ச் 2 அன்று, இரண்டு முறை மூக்களவில் கைநழுவிய அதே சாண்டா அனிட்டா ஹேண்டிகேப். டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 78,000.

பாதிவழியில் இரண்டு குதிரைகளுக்குப் பின்னால் அடைபட்டது. சந்து கிடைத்ததும் போலார்ட் உள்ளே செலுத்தினார். ஹோவர்டின் இன்னொரு குதிரையான கயாக் ஒன்றரை நீளம் பின்னால் இரண்டாவதாக வந்தது. நேரம் 2 நிமிடம் 1 மற்றும் ஐந்தில் ஒரு நொடி, அதுவும் மைதானச் சாதனை. அதுவே கடைசிப் பந்தயம். மொத்தம் 89 ஓட்டம், 33 வெற்றி, 15 இரண்டாமிடம், 13 மூன்றாமிடம்.

ஜாக்கிகளின் வாழ்க்கை அவ்வளவு கொடூரமானதா?

ஆம். அக்காலத்தில் எடையைக் குறைக்கப் பட்டினி, வெந்நீர்க் குளியல், கனமான உடைகள் போட்டு வெயிலில் ஓடுவது எல்லாம் அன்றாடம். விழுந்து முடமானால் உதவித்தொகை கிடையாது. ஜாக்கிகளின் சங்கமே 1940இல்தான் உருவானது. போலார்டின் உயரம் ஐந்தடி ஏழங்குலம், அந்தத் தொழிலுக்கு அதிகம். உல்ஃபுக்கு நீரிழிவு, இன்சுலின் போட்டுக்கொண்டே சவாரி செய்தார். 1946 ஜனவரியில் சாண்டா அனிட்டாவில் குதிரையிலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். அவர் பெயரில் ஆண்டுதோறும் ஜாக்கி விருது வழங்குகிறார்கள்.

பெருமந்தக் காலத்தில் வேறு நாட்டில் இப்படி ஒரு குதிரை உண்டா?

ஆஸ்திரேலியாவில் பார் லாப். நியூசிலாந்தில் பிறந்து 160 கினிக்கு (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) ஏலம் போனது. 1930 மெல்பர்ன் கோப்பைக்கு முன் அதைச் சுட முயன்றார்கள். தப்பித்து, கோப்பையையும் ஜெயித்தது. 51 ஓட்டத்தில் 37 வெற்றி. 1932 ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவில் திடீரென இறந்தது. தோலைப் பாடம்செய்து மெல்பர்னிலும், எலும்புக்கூட்டை வெலிங்டனிலும், இதயத்தைக் கான்பெராவிலும் வைத்திருக்கிறார்கள்.

சீபிஸ்கட் தொடர்பான இடங்களை இன்று பார்க்க முடியுமா?

சாண்டா அனிட்டா மைதானத்தில் அதன் வெண்கலச் சிலை இருக்கிறது. 1942இல் அதே மைதானத்தின் லாயங்களில்தான் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்து வைத்தார்கள் என்பதையும் அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரிட்ஜ்வுட் பண்ணை வடக்குக் கலிஃபோர்னியாவில் வில்லிட்ஸுக்குத் தெற்கே உள்ளது, சுற்றிக்காட்டும் ஏற்பாடு உண்டு, நாள் விசாரித்துவிட்டுப் போங்கள். ஓய்வுக்காலத்தில் அங்கே அதைப் பார்க்க வந்தவர்கள் 50,000 பேருக்கு மேல் என்பார்கள். 1947 மே 17 அன்று அங்கேயே இறந்தது. புதைத்த இடத்தில் ஓர் ஓக் மரம் நட்டார்கள். எது அந்த மரம் என்பதை ஹோவர்ட் குடும்பம் வெளியே சொல்லவில்லை.

அதன் குட்டிகளும் ஜெயித்தனவா?

108 குட்டிகள் பிறந்தன. சீ சாவரின், சீ ஸ்வாலோ இரண்டும் ஓரளவு ஓடின. பெரிய பந்தயங்களில் தகப்பனுக்கு நிகராக எதுவும் வரவில்லை. நல்ல பெட்டைகள் பெரும்பாலும் கென்டக்கிப் பண்ணைகளில் இருந்ததும், சீபிஸ்கட் தூரத்துக் கலிஃபோர்னியாவில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.